வேனில் பயணியாகப் போய் காயப்பட்டவருக்கு என்ன வழி?



இது கொஞ்சம் நீண்ட பதிவு. நேரம் கிடைக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள். வாசிக்க நேரமில்லாதவர்கள் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள். இது தேவைப்படும் நாள் உங்களுக்கு வரக்கூடாது என்பதே எங்கள் துஆ.

எங்கள் கிழக்குக் கரை ஊர்களில் இருந்து ஒவ்வொரு இரவும் எத்தனை வேன்கள் புறப்படுகின்றன என்று யோசித்திருக்கிறீர்களா? கட்டுநாயக்கவுக்கு ஆள் ஏற்றிப் போகும் வேன், மஹரகம ஆஸ்பத்திரிக்கு கிளினிக் போகும் வேன், கொழும்புக்குக் கல்யாணச் சாமான் எடுக்கப் போகும் வேன். இஷாவுக்குப் பிறகு ஏறினால் சுபஹுக்கு முன் போய்ச் சேர்ந்துவிட வேண்டும் என்பதுதான் எல்லோருடைய கணக்கு. பாதி வழியில் உள்ளே இருப்பவர்கள் எல்லோரும் உறங்கிவிடுவார்கள். விழித்திருப்பவர் சாரதி மட்டும்தான். அவரும் முந்திய இரவு ஓட்டம் போய் வந்தவராக இருப்பார்.

விபத்து நடந்தால் ஊரில் நடக்கும் பேச்சு எப்போதும் இரண்டு சாரதிகளைப் பற்றியதுதான். யார் பிழை, யார் வேகமாக வந்தது, யாரைப் பொலிஸ் பிடித்தது. பின் ஆசனத்தில் உறங்கிக்கொண்டு போய் இடுப்பு உடைந்தவரைப் பற்றி யாரும் சட்டம் பேசுவதில்லை. அவருக்கு துஆ கேட்பார்கள், பார்க்க வரும்போது பிஸ்கட்டும் ஹோர்லிக்ஸும் கொண்டுவருவார்கள். ஆறு மாதம் போனால் அதுவும் நின்றுவிடும். இந்தப் பதிவு அந்தப் பின் ஆசனத்துக்காரரைப் பற்றியது.

நாங்கள் ஒரே பாடசாலையில் படிப்பிக்கும் மூன்று ஆசிரியர்கள். சட்டம் படித்தவர்கள் அல்ல. இந்த விடயத்துக்குள் நாங்கள் வந்தது தரம் 11 வகுப்பின் வரவுப் பதிவேட்டின் வழியாகத்தான். நன்றாகப் படிக்கும் ஒரு பெண் பிள்ளை கிழமையில் இரண்டு நாள் வராமல் இருந்தாள், பிறகு மூன்று நாளாயிற்று. வீட்டுக்குப் போய் விசாரித்தோம். உம்மா படுக்கையில். தொடை எலும்பு உடைந்து தகடு வைத்திருக்கிறார்கள், இடுப்பும் சரியில்லை. மூத்த மகனை கட்டாருக்கு வழியனுப்ப கட்டுநாயக்கவுக்குப் போன வேன், அம்பாறைக்கும் கண்டிக்கும் இடையில் ஓரிடத்தில் பாதையை விட்டு இறங்கி மரத்தில் மோதியிருக்கிறது. மகனுக்குச் சிறு காயம்தான், ஆனால் அந்தப் பயணம் போய்விட்டது. விசாவுக்குக் கட்டிய காசும் போய்விட்டது. உம்மா அபாயா தைத்து உழைத்தவர். மெஷின் மிதிக்க இனிக் கால் இல்லை. வாப்பா கடல் தொழில். உம்மாவைத் தூக்கிக் கழுவ, சோறு ஆக்க, தம்பியைப் பார்க்க வீட்டில் இருப்பது அந்தப் பிள்ளை மட்டும்.

"இன்சூரன்ஸ், நஷ்டஈடு ஏதாவது கேட்டீங்களா?" என்று கேட்டோம்.

"இல்ல சேர். அது யார்ர பிழையும் இல்ல. மாடு குறுக்கால பாய்ஞ்ச. வேன் ஓடினதும் எங்கட மச்சான்ர மகன்தான். பெரியாக்கள் எல்லாம் வந்து பேசி, அல்லாஹ்ட நாட்டம், அவன்ர வாழ்க்கையையும் கெடுக்காம உடுங்க எண்டு சொன்னாங்க. நாங்களும் ஓம் எண்டுட்டம்" என்றார் வாப்பா.

விபத்து நடந்து அப்போது பத்தொன்பது மாதங்கள்.

"யாருடைய பிழையும் இல்லை" என்ற இந்தச் சொல்லைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஏனென்றால் எங்கள் நாட்டில் வாகன விபத்து நஷ்டஈடு பெரும்பாலும் இந்த ஒரு சொல்லில்தான் தங்கியிருக்கிறது.

எல்லா நாட்டிலும் இப்படி இல்லை. நியூசிலாந்தில் 1974 முதல் விபத்தில் காயப்பட்டவருக்கு, யார் பிழை என்று பார்க்காமலேயே அரச திட்டத்தில் இருந்து சிகிச்சையும் வருமான இழப்பும் கொடுக்கிறார்கள். பதிலாக, காயத்துக்காக வழக்குப் போடும் உரிமையை அங்கே பெரும்பாலும் எடுத்துவிட்டார்கள். பக்கத்து நாடான இந்தியாவில் மோட்டார் வாகனச் சட்டத்துக்கு 2019 இல் வந்த திருத்தத்தின்படி, பிழையை நிரூபிக்காமலே மரணத்துக்கு ஐந்து இலட்சம், பாரிய காயத்துக்கு இரண்டரை இலட்சம் இந்திய ரூபா என்ற ஏற்பாடு உண்டு.

இலங்கையில் நிலை வேறு. இங்கே இந்த விடயத்தில் உரோம-டச்சுச் சட்டம்தான் அடிப்படை. ஒருவருடைய கவனயீனத்தால் உங்களுக்கு நட்டம் வந்தது என்று காட்டினால்தான் மாவட்ட நீதிமன்றத்தில் நஷ்டஈடு கேட்கலாம். ஆகவே "யாருடைய பிழையும் இல்லை" என்று நாமாகவே சொல்லிவிட்டால், வழக்கின் கதவை நாமே சாத்துகிறோம் என்று அர்த்தம்.

ஆனால் உண்மையிலேயே யாருடைய பிழையும் இல்லையா? எங்களுக்கு உதவிய சட்டத்தரணி இந்த இடத்தில் கேட்ட கேள்விகளை அப்படியே தருகிறோம். மாடு வந்தது சரி. வேன் எந்த வேகத்தில் வந்தது? அந்தப் பாதையில் இரவில் மாடு படுத்திருப்பது சாரதிக்குப் புதிய செய்தியா, தெரிந்த செய்தியா? முன் விளக்குகள் இரண்டும் எரிந்தனவா? டயர் எப்படி இருந்தது? பிரேக் பிடித்த அடையாளம் பாதையில் இருந்ததா? அவர் அதற்கு முதல் எத்தனை மணித்தியாலம் உறங்கியிருந்தார்? மாட்டின் சொந்தக்காரர் இரவில் அதை அவிழ்த்து விட்டது ஏன்?

இந்தக் கேள்விகளுக்குப் பிறகு "மாடு பாய்ந்தது" என்பது கதையின் முடிவாகத் தெரியவில்லை. டயர் வெடித்தாலும் இதே கணக்குத்தான். புது டயர் திடீரென வெடிப்பது வேறு, நூல் தெரியும்வரை தேய்ந்த டயர் வெடிப்பது வேறு. யானை வந்தாலும் அப்படித்தான். யானை கடக்கும் இடம் என்று பலகை போட்ட இடத்தில் எண்பதில் வந்தவருக்கும் முப்பதில் வந்தவருக்கும் ஒரே பதில் கிடைக்காது. நேராகப் போக வேண்டிய வாகனம் பாதையை விட்டு இறங்கி மரத்தில் மோதினால், ஏன் இறங்கியது என்று விளக்க வேண்டிய பாரம் நடைமுறையில் சாரதியின் பக்கம்தான் வந்து விழும். உறங்கிக்கொண்டிருந்த பயணியிடம் யாரும் அந்த விளக்கத்தை எதிர்பார்க்க முடியாது.

இரண்டு வாகனம் மோதிய விபத்து என்றால் பயணியின் நிலை இன்னும் பலமானது. லொறிக்காரர் வேன்காரரைச் சொல்வார், வேன்காரர் லொறிக்காரரைச் சொல்வார். பயணி இருவரையும் சேர்த்தே வழக்காளி கேட்கும் எதிராளிகளாக்கலாம். யாருக்கு எத்தனை பங்கு பிழை என்பதை அவர்கள் தங்களுக்குள் பார்த்துக்கொள்ள வேண்டும். இதற்கென 1968 ஆம் ஆண்டிலேயே ஒரு சட்டம் வந்திருக்கிறது. அதே சட்டம் பயணிக்கும் ஒரு எச்சரிக்கை வைத்திருக்கிறது: காயப்பட்டவரின் பக்கத்திலும் கவனயீனம் இருந்தால் அந்த அளவுக்கு நஷ்டஈடு குறையும். சீட் பெல்ட் போடாமல் முன் ஆசனத்தில் இருந்தது, பஸ் மிதிபலகையில் தொங்கியது, குடித்திருக்கிறார் என்று தெரிந்தே அந்தச் சாரதியோடு ஏறியது எல்லாம் கணக்கில் வரும்.

இனி அந்தக் குடும்பத்தைத் தடுத்த இரண்டாவது விடயம். "மச்சான்ர மகனுக்கு எதிரா எப்படி கோட்டுக்குப் போற?"

இதுதான் எங்கள் ஊர்களில் ஆகப் பெரிய தடை. ஏறும் வேன் தெரிந்தவரின் வேன், ஓடுபவர் சொந்தக்காரர் அல்லது பக்கத்து வளவுக்காரர். நாளை மையத்து வீட்டிலும் கல்யாண வீட்டிலும் முகம் பார்க்க வேண்டும். அந்தக் கவலையை நாங்கள் இலேசாக எடுக்கவில்லை. ஆனால் இங்கே பலருக்கும் தெரியாத ஒரு விடயம் இருக்கிறது. 1951 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டப்படி, மூன்றாம் தரப்புக் காப்புறுதி இல்லாமல் எந்த வாகனத்தையும் பாதையில் ஓட்ட முடியாது. அந்தக் காப்புறுதிக்கு உட்பட்ட பொறுப்பு தொடர்பாகச் சாரதிக்கோ சொந்தக்காரருக்கோ எதிராக நீதிமன்றம் தீர்ப்புக் கொடுத்தால், அதைச் செலுத்த வேண்டியது காப்புறுதி நிறுவனம். வருடா வருடம் அந்தப் பிள்ளை கட்டிய காசே இப்படி ஒரு நாளுக்காகத்தான். வழக்கில் பெயர் அவருடையதாக இருக்கும், காசு பெரும்பாலும் அவருடைய சட்டைப்பையில் இருந்து போகாது.

இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. வழக்குப் போடும்போதே காப்புறுதி நிறுவனத்துக்கும் முறையாக அறிவித்தல் கொடுத்திருக்க வேண்டும். அது கொடுக்காமல் தீர்ப்பு எடுத்துவிட்டுப் பிறகு போனால் அவர்கள் கைவிரித்துவிட இடமுண்டு. இந்த அறிவித்தல் நேரத்துக்குப் போயிற்றா என்று உங்கள் சட்டத்தரணியிடம் வாய் திறந்து கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு அல்ல.

இன்னொன்றும் கவனியுங்கள். வேன் "ஹயர்" ஓடுகிறது, ஆனால் காப்புறுதிப் பத்திரத்தில் "தனிப்பட்ட பாவனை" என்று இருக்கிறது. சில நூறு அல்லது சில ஆயிரம் ரூபா மிச்சம் பிடிக்க இப்படிச் செய்பவர்கள் இருக்கிறார்கள். விபத்து நடந்தால் நிறுவனம் முதலில் தேடுவது இந்த ஓட்டையைத்தான். பயணிகளுக்கான பகுதி பத்திரத்தில் இருக்கிறதா, எத்தனை ஆசனத்துக்கு இருக்கிறது என்பதும் அப்படித்தான். வேன் வைத்திருக்கும் சகோதரர்களே, பயணியாக உங்களை நம்பி ஏறுபவர்களில் உங்கள் உம்மாவும் ஒரு நாள் இருப்பார். இன்றைக்கே பத்திரத்தை எடுத்துப் பாருங்கள்.

மூன்றாவது தடை மார்க்கம் பற்றியது. இதை நாங்கள் பயத்தோடுதான் எழுதுகிறோம், பிழை இருந்தால் உலமாக்கள் திருத்துங்கள். களா கத்ரை நம்புவது எங்கள் ஈமானின் பகுதி. ஆனால் அதே மார்க்கம் தவறுதலாக ஒரு உயிர் போனாலும் அந்தக் குடும்பத்துக்குத் தியத் கொடுக்கச் சொல்கிறது. சூரத்துன் நிஸாவின் 92 ஆம் வசனத்தின் விளக்கத்தை உங்கள் பள்ளி இமாமிடம் கேட்டுப் பாருங்கள். வேண்டுமென்று செய்யவில்லை என்பதற்காகப் பாதிக்கப்பட்டவரின் ஹக்கு இல்லாமல் போவதில்லை. மன்னிப்பும் அதே வசனத்தில் இருக்கிறது, ஆனால் அந்த மன்னிப்பைக் கொடுப்பவர்கள் உரிமைக்காரர்கள். இந்த வீட்டில் நடந்தது என்ன? உம்மா ஆஸ்பத்திரியில் மயக்கத்தில் கிடக்கும்போது, விறாந்தையில் இருந்த பெரியவர்கள் அவருக்காக மன்னித்துவிட்டார்கள். படுக்கையில் கிடப்பது அவர், கணவர் கடலுக்குப் போன நேரத்தில் மலசலகூடத்துக்கு மகளின் தோளில் தொங்கிப் போவது அவர். அவரிடம் ஒரு வார்த்தை யாரும் கேட்கவில்லை.

"இன்சூரன்ஸ் காசு கூடுமா?" என்றும் கேட்டார்கள். நாங்கள் அறிந்த ஒரு மௌலவியிடம் அவர்களையே கூட்டிப் போனோம். "நஷ்டஈடு கொடுக்கக் கடமைப்பட்டவர் சாரதி. அவருக்காக இன்னொருவர் அதைச் செலுத்துகிறார். உங்களுக்கு வருவது உங்கட ஹக்கு" என்று அவர் தெளிவாகச் சொன்னார். உங்களுக்கு இந்தச் சந்தேகம் இருந்தால் நீங்கள் நம்பும் ஆலிமிடம் கேளுங்கள். ஆனால் கேட்பதைத் தள்ளிப் போடாதீர்கள், ஏனென்றால் காலம் ஓடுகிறது.

காலம் என்று சொன்னது சும்மா இல்லை. இந்தப் பதிவில் ஒரேயொரு வரியை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள்: காயத்துக்கும் நட்டத்துக்கும் நஷ்டஈடு கேட்டுப் போடும் வழக்குக்கு இரண்டு வருடம்தான் காலம். காலவரையறை பற்றிய 1871 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தில் இருக்கும் விடயம் இது. காயப்பட்டது சிறுபிள்ளை என்றால் சட்டத்தில் சில விலக்குகள் உண்டு. ஆனால் அதை நம்பி இருக்காதீர்கள்.

இந்த இரண்டு வருடத்தை மக்கள் எப்படித் தொலைக்கிறார்கள் தெரியுமா? பொலிஸ் வழக்கு முடியட்டும் என்று காத்திருந்து. நீதவான் நீதிமன்றத்தில் நடப்பது அரசு சாரதிக்கு எதிராக நடத்தும் வழக்கு. அவர் குற்றத்தை ஏற்றுக்கொண்டால் அபராதம் கட்டுவார், அது அரசுக்குப் போகும். உங்கள் உம்மாவின் தையல் வருமானம், இனி வரும் சத்திரசிகிச்சைச் செலவு, வலி, ஊனம் இவற்றின் முழுக் கணக்கு அங்கே பார்க்கப்படுவதில்லை. அதற்கு மாவட்ட நீதிமன்றத்தில் தனி வழக்கு வேண்டும். பொலிஸ் வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே அதைப் போடலாம். பொலிஸ் வழக்கில் சாரதி விடுதலையானாலும் இந்த வழக்கு தானாக முடிந்துவிடாது. அங்கே சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டும், இங்கே எது நடந்திருக்கக் கூடுதல் சாத்தியம் என்று பார்ப்பார்கள்.

தூரத்தில் விபத்து நடந்தால் அங்கேதான் அலைய வேண்டுமா என்றும் கேட்கிறார்கள். விபத்து நடந்த இடத்து மாவட்ட நீதிமன்றத்திலும் போடலாம், எதிராளி வசிக்கும் இடத்து நீதிமன்றத்திலும் போடலாம். எங்கள் விடயத்தில் சாரதி எங்கள் பகுதிக்காரர், அதனால் இங்கேயே போட முடிந்தது. கேட்கும் தொகை சிறியதாக, சட்டம் குறித்த எல்லைக்குள் இருந்தால் முதலில் மத்தியஸ்த சபைக்குப் போக வேண்டி வரும். அங்கே இணக்கம் வந்தால் நல்லதே. வராவிட்டால் அதற்கான சான்றிதழோடு நீதிமன்றம் போகலாம்.

இனி, விபத்து நடந்த நாளில் இருந்து என்ன செய்ய வேண்டும் என்பதை ஒழுங்காகச் சொல்கிறோம்.

1. பொலிஸ் முறைப்பாடு பதியப்பட்டதா என்று பாருங்கள். "நமக்குள்ள பேசி முடிப்பம்" என்று வாகனத்தை இழுத்துக்கொண்டு போக விடாதீர்கள். முறைப்பாட்டு இலக்கம், வாகன இலக்கம், சாரதியின் பெயர், காப்புறுதி நிறுவனம், முன் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் காப்புறுதி அட்டையின் படம் இத்தனையும் எடுத்து வையுங்கள்.

2. வாக்குமூலத்தில் கையொப்பம் வைக்க முன் அது வாசித்துக் காட்டப்பட வேண்டும், உங்களுக்கு விளங்கும் மொழியில். தமிழும் இந்த நாட்டின் அரச கரும மொழி. எங்கள் குடும்பத்தின் வாப்பா, விடியற்காலையில், மனைவி அம்புலன்சில் போன பதற்றத்தில், சிங்களத்தில் எழுதிய ஒரு பதிவில் கையொப்பம் வைத்திருந்தார். பின்னர் பிரதி எடுத்துப் பார்த்தபோது, யாரிலும் குறை சொல்வதற்கு இல்லை என்ற கருத்தில் ஒரு வரி அதில் இருந்தது. அவர் அப்போது அப்படித்தான் ஏதோ சொல்லியிருப்பார். அந்த ஒரு வரியை வைத்து எதிர்த்தரப்பு இன்று கேள்வி கேட்கிறது. அதனால் வழக்கு விழுந்துவிடாது, ஆனால் சுமை கூடிவிட்டது. "நான் பின் ஆசனத்தில் உறங்கிக்கொண்டிருந்தேன், எப்படி நடந்தது என்று தெரியாது" என்பது உண்மையானால் அதை மட்டும் சொல்லுங்கள். தெரியாததற்குத் தீர்ப்புச் சொல்ல வேண்டாம்.

3. ஆஸ்பத்திரியில் சட்ட வைத்திய அதிகாரி பரிசோதித்தாரா என்று விசாரியுங்கள். அவருடைய அறிக்கை வழக்குக்கு முதுகெலும்பு. டிக்கெட் வெட்டி வரும்போது தரும் நோய் நிர்ணய அட்டை, எக்ஸ்ரே, கிளினிக் கொப்பி எதையும் எறிய வேண்டாம்.

4. பற்றுச்சீட்டுகள். அரச ஆஸ்பத்திரியில் சிகிச்சை இலவசம் என்பதால் செலவே இல்லை என்று நினைக்கிறோம். வெளியில் வாங்கிய மருந்து, ஊன்றுகோல், ஒவ்வொரு கிளினிக்குக்கும் பிடித்த ஆட்டோ, பார்த்துக்கொள்ள வந்தவருக்குக் கொடுத்த காசு, அடகு வைத்த நகையின் வட்டி இதெல்லாம் எழுதப்பட வேண்டும். ஒரு எண்பது பக்கக் கொப்பி போதும், திகதி போட்டு எழுதுங்கள். எங்கள் மாணவி தன் கணிதக் கொப்பியின் பின்பக்கத்தில் தானாகவே எல்லாவற்றையும் எழுதி வைத்திருந்தாள். சட்டத்தரணி அதைப் பார்த்துவிட்டு, பெரியவர்களே இப்படிச் செய்வதில்லை என்றார்.

5. வருமானத்துக்கு ஆதாரம். தைப்பவர், இடியப்பம் அவிப்பவர், பாய் இழைப்பவர் என்று எங்கள் பெண்களின் உழைப்புக்குச் சம்பளச் சிட்டை கிடையாது. அதனால் உழைப்பே இல்லை என்று ஆகிவிடாது. துணி கொடுத்த கடைக்காரர், தைத்து வாங்கியவர்கள், கிராம சேவகர் ஆகியோர் சாட்சி சொல்லலாம்.

6. ஆஸ்பத்திரி வாசலிலும் வீட்டுக்கும் வந்து, "கேஸ் பேசித் தாறம், பாதிக்குப் பாதி" என்று வெற்றுத்தாளில் கையொப்பம் கேட்பவர்களிடம் கவனமாக இருங்கள். அதேபோல் சமாதானப் பத்திரம். இருபத்தையாயிரம் ரூபாவைக் கையில் வைத்து "முழுமையான, இறுதியான தீர்வு" என்று எழுதிய தாளை நீட்டுவார்கள். எலும்பு பொருந்துமா, இரண்டாவது சத்திரசிகிச்சை வேண்டுமா என்று டொக்டருக்கே தெரியாத நாளில் அதில் கையொப்பம் வைக்காதீர்கள். அவசரச் செலவுக்குச் சாரதி வீட்டார் மனமுவந்து தந்தால் வாங்குங்கள், தொகையை மட்டும் எழுதிக் கொடுங்கள்.

7. காசில்லை என்று சட்டத்தரணியிடம் போகாமல் இருக்க வேண்டாம். 1978 ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைந்த சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. நீதிமன்றங்களுக்கு அருகில் அதன் நிலையங்கள் உண்டு. வருமானத்தைப் பார்த்து, தகுதி இருந்தால் வழக்கை எடுத்து நடத்துவார்கள்.

சரி, எல்லாவற்றையும் பார்த்த பிறகும் உண்மையிலேயே யாருடைய பிழையும் இல்லை என்றால்? அப்படியும் விபத்துகள் உண்டு, அதை மறைக்கக் கூடாது. அப்போது சாரதிக்கு எதிரான வழக்கு பெரும்பாலும் தோற்கும். ஆனாலும் பிழை பார்க்காத சில வழிகள் மிச்சம் இருக்கின்றன.

வாகனக் காப்புறுதியில் பயணிகளுக்கான தனிப்பட்ட விபத்து நன்மை என்று ஒரு பகுதி சேர்த்திருந்தால், தொகை சிறிதாக இருந்தாலும் யார் பிழை என்று கேட்காமல் கிடைக்கும். வேலைக்காகப் பயணித்தவர் என்றால் 1934 ஆம் ஆண்டின் வேலையாட்கள் நஷ்டஈட்டுக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. அதில் முதலாளி பிழை செய்தார் என்று நிரூபிக்கத் தேவையில்லை, வேலையின் காரணமாக வேலை நேரத்தில் நடந்தது என்று காட்டினால் போதும். 2022 இல் வந்த திருத்தத்தால் வீட்டில் இருந்து வேலைக்குப் போகும், வரும் வழியில் நடக்கும் விபத்தும் அதற்குள் வந்திருக்கிறது. வயலுக்கும் கட்டட வேலைக்கும் லேண்ட்மாஸ்டரில் ஆள் ஏற்றிப் போகும் எங்கள் ஊர்களில் இது எத்தனை பேருக்குத் தெரியும்? அரச ஊழியர் என்றால் அக்ரஹார காப்புறுதி. பாடசாலைப் பிள்ளை என்றால் சுரக்‌ஷா, இது இடையில் நின்று மீண்டும் வந்த திட்டம் என்பதால் இப்போதைய நிலையையும் படிவத்தையும் அதிபரிடம் கேளுங்கள். மோதிவிட்டு ஓடிய வாகனம் கண்டுபிடிக்கப்படவில்லை என்றால் வீதிப் பாதுகாப்புக்கான தேசிய சபையில் விசாரியுங்கள். நிரந்தர ஊனம் என்றால் பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரைச் சந்தியுங்கள். எதுவும் வீட்டுக்குத் தேடி வராது, விண்ணப்பிக்க வேண்டும்.

எங்கள் மாணவியின் வீட்டு விடயத்துக்கு வருகிறோம். வழக்குப் போடப் போகிறோம் என்றதும் சாரதித் தம்பியின் வீட்டார் கோபித்துக்கொண்டார்கள். இரண்டு கிழமை பேச்சு வார்த்தை இல்லை. நாங்கள் மூவரும் ஒரு நாள் மஃரிபுக்குப் பிறகு அவரைப் பார்க்கப் போனோம். காப்புறுதி எப்படி வேலை செய்கிறது என்று காகிதத்தில் கோடு போட்டு விளக்கினோம். கடைசிவரை தலை குனிந்து கேட்டுக்கொண்டிருந்த அந்தத் தம்பி ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலை பாடசாலை கேற்றடியில் நின்றார். கையில் காப்புறுதிப் பத்திரத்தின் போட்டோ பிரதி. "சேர், அண்டைக்கு ராவும் அதுக்கு முதல் ராவும் நான் உறங்கல்ல. மாடு வந்த உண்மை. ஆனா உறக்கமும் வந்த. மாமிக்கு நான் இத எத்தன நாளா சொல்ல நினைச்சன்" என்றார்.

இரண்டு வருடம் நிறைவதற்கு மூன்று கிழமை இருக்கும்போது வழக்கு பதிவாயிற்று. இன்னும் முடியவில்லை. காப்புறுதி நிறுவனத்தின் சட்டத்தரணி வந்து நிற்கிறார், பேசித் தீர்க்கலாமா என்ற பேச்சும் நடக்கிறது. எவ்வளவு கிடைக்கும், எப்போது கிடைக்கும் என்று எங்களால் சொல்ல முடியாது. எங்கள் நீதிமன்றங்களில் வருடங்கள் போகும் என்பது எல்லோரும் அறிந்ததே. பிள்ளை சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டாள். அந்த மாதங்களில் பகலில் வந்து உம்மாவைப் பார்த்துக்கொண்டது யார் தெரியுமா? சாரதித் தம்பியின் உம்மா.

இதை எழுதுவது யாரையும் கோட்டுக்கு இழுக்கத் தூண்டுவதற்காக அல்ல. பேசித் தீர்க்க முடிந்தால் பேசித் தீருங்கள், ஆனால் தெரிந்துகொண்டு பேசுங்கள். பள்ளி நிர்வாகங்களுக்கு எங்கள் பணிவான வேண்டுகோள்: வருடத்தில் ஒரு நாள் சட்ட உதவி ஆணைக்குழுவில் இருந்து ஒருவரை அழைத்து இதைப் பேச வையுங்கள், பெண்களும் கேட்கக்கூடிய விதத்தில். விபத்துக்குப் பிறகு சமாதானம் பேசப் போகும் பெரியவர்களே, காயப்பட்டவர் கட்டிலில் எழுந்து இருந்து பேசும் வரைக்கும் பொறுங்கள். அவருடைய முடிவை அவரிடமே கேளுங்கள்.

உங்கள் வீட்டிலோ அயலிலோ யாராவது இப்படிப் படுத்திருந்தால், விபத்து நடந்த திகதியை இன்றைக்கே கேட்டு எழுதுங்கள். அதில் இருந்து இரண்டு வருடத்தை எண்ணுங்கள். பிறகு ஒரு சட்டத்தரணியிடம் கூட்டிப் போங்கள். ஒவ்வொரு விபத்தும் வேறு, ஒவ்வொரு பத்திரமும் வேறு. எங்கள் பதிவை வைத்து முடிவு எடுக்காமல் அவர் சொல்வதைக் கேட்டு முடிவெடுங்கள்.

பாதையில் இருக்கும் எல்லோரையும் அல்லாஹ் பாதுகாப்பானாக. படுக்கையில் இருக்கும் எல்லோருக்கும் ஷிபாவைத் தருவானாக. பிரயோசனம் என்று நினைத்தால் உங்கள் குடும்பக் குரூப்களில் பகிருங்கள், முக்கியமாக வேன் ஓடும் தம்பிமாருக்கு.